நிறம் ஏறாத பிள்ளை

கமலாட்சிக்குத் தலைமுடி உட்பட வெள்ளையாக ஒரு பிள்ளை பிறந்தபோது, தெருவும் ஆளுக்கொரு காரணத்தைப் பெற்றெடுத்தது. குங்குமப்பூவை அள்ளித் தின்றாள் என்றது எதிர்வீடு. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றது பக்கத்து வீடு. கணவன் நமச்சிவாயம் அவளுக்குத் தாய்மாமன் என்பதைப் பற்றி மட்டும் மூச்சில்லை. அதைப் பேசினால் தெருவில் பாதி வீட்டைப் பேச வேண்டியிருக்கும்.

நமச்சிவாயம் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். "மொதல் முக்குல சாயம் புடிக்கலன்னா பட்டைத் தூக்கியா போடறோம்? திரும்ப முக்குறோம். வெயில்ல வுடு, நெறம் ஏறும்" என்றார்.

கமலாட்சி நம்பினாள். கறுத்தால்தானே மகன் தினகரனை நாலு பேர் முறைக்காமல் பார்ப்பார்கள்? அவன் வளர்ந்ததும் தெருவில் தறிக்கான நூலை நீளமாக இழுத்துக் கட்டும் பாவு வேலைக்குச் சட்டையில்லாமல் அனுப்பினாள்.

"கண்ணு கூசுதுமா" என்பான்.

"பழகிடும், போடா."

தோல் சிவந்து கொப்புளித்து உரிந்தது. "உரிஞ்சிக்கினு வருதுல்ல, அடியில கறுப்புதான் வரும் பாரு" என்றாள் எதிர்வீட்டு மஹாலட்சுமி, தோல் வைத்தியத்தைக் கரைத்துக் குடித்தவள் போல. ஒவ்வொரு கோடையிலும் கமலாட்சி காத்திருந்தாள். கறுப்பு வரவில்லை. இருபது வயதில் காதுக்குப் பின்னால் புண் வந்தது. மஞ்சள் வைத்தாள். பிறகு கழுத்தில் கட்டி.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "வெயில்ல நம்ம தோலு கறுக்குறதே ஒரு காப்புதாம்மா. அந்தக் கறுப்பை உண்டாக்குற மரபணு ஜோடியில உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு பழுது, ஒண்ணு நல்லது. அதனால தப்பிச்சீங்க. இவருக்கு ரெண்டு பேர் கிட்டேருந்தும் பழுதுதான் வந்திருக்கு. சொந்தத்துல கட்டுனா இப்படிச் சேர வாய்ப்பு அதிகம். இவரு தோலு கறுக்காது, வேகத்தான் செய்யும். வெந்து வெந்துதான் புத்துநோய். கழுத்துக்கும் எறங்கிடுச்சு." பிறகு கேட்டார்: "இத்தனை வருஷம் வெயில்ல அனுப்புனது யாரு?"



"நானேதான் போனேன் டாக்டர்" என்றான் தினகரன். "அம்மா வேணாம்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க."

தெருமுனையில் ஷேர் ஆட்டோ இறக்கிவிட்டபோது உச்சி வெயில். கமலாட்சி முந்தானையை இழுத்து மகன் தலையை மூடினாள். தன் மாராப்பு விலகியதைக் கவனிக்கவில்லை. தெரு கவனித்தது.

"இன்னாமா, புள்ளைக்கு முக்காடா?" மஹாலட்சுமி வாசலிலிருந்து சிரித்தாள். "அப்புறம் எப்படி நெறம் ஏறும்?"

கமலாட்சி முந்தானையை இன்னும் இழுத்தாள். அது அவன் தோள்வரைதான் எட்டியது. கைகள் வெளியே வெயிலில் கிடந்தன. வீடு வருவதற்குள் அவை சிவக்கத் தொடங்கியிருந்தன.