ஒன்பதாம் நோட்டுக்குச் சிவப்பு டேக்

முத்துச்செல்வியின் நாவலைப் பற்றி எங்கள் கம்பெனி லைனில் பதினாலு பேருக்குப் பதினாலு அபிப்பிராயம் இருந்தது. என்னுடையது ஒரே வார்த்தை: நீளம். முதல் நோட்டைப் படித்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவளும் தலையை ஆட்டிக்கொண்டு இரண்டாவது நோட்டை நீட்டினாள்.

நாவலுக்குப் பெயர் ஏழாம் மதகு. நீள நோட்டில் மொத்தம் பதினோரு நோட்டு. ஒரு ராஜ்யம், அதில் கரை தெரியாத ஓர் ஏரி, ஏரிக்கு ஆறு மதகுகள். தண்ணீருக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஏழாவதாக ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் மூழ்கிப்போன பழைய நகரத்துக்கு வழி கிடைக்கும். அந்த மதகைக் காவல் காக்கிற ஆம்பல் என்ற பெண்தான் கதாநாயகி. எதிரிப் படை, பேசும் நீர்நாய், மாயக் கண்ணாடி என்று எல்லாம் வரும். சாப்பாட்டு நேரம்தான் வராது. எந்தப் படைவீரனும் எட்டு நோட்டு வரைக்கும் ஒரு கவளம் சோறு தின்று நான் பார்க்கவில்லை.

இதை எழுதிய முத்துச்செல்வி தென்காசிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டுக்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் மூன்று வருட டிரெய்னி. வடக்குப்பட்டில் ஐந்து பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள். நான் ரஞ்சனி, உள்ளூர்க்காரி, பிள்ளைப்பாக்கம். குவாலிட்டியில் ஆறு வருஷம். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள், அதனால் என்னைக் குறை சொல்லிப் பயனில்லை.

நாவலுக்கு டேக் ஒட்டும் வழக்கத்தை ஆரம்பித்ததும் நான்தான். லைனில் ஒரு வயர் கட்டு சரியாக இருந்தால் பச்சை டேக், திருத்த வேண்டியிருந்தால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு. டேக்கில் என்ன பழுது, எந்த இடம், யார் பார்த்தது என்று எழுத வேண்டும். நோட்டுக்கும் அப்படியே செய்தோம். லைன் லீடர் காந்திமதி அக்கா மஞ்சளில் எழுதினாள்: "பழுது: ஆம்பலுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இடம்: நாலாவது நோட்டு முழுக்க." அம்சவல்லி குதிரைகளுக்காகவே படித்தாள். குதிரை செத்த பக்கத்தில் மட்டும் மூன்று மஞ்சள் டேக். முத்துச்செல்வி அத்தனையையும் பிரித்து எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வாள். எழுதினதில் ஒரு வரி மாற்ற மாட்டாள்.

சொந்த நோட்டு ஷாப் ஃப்ளோருக்குள் வரக்கூடாது. எங்கள் கையெழுத்துப் பதிவு நோட்டுகளுக்கு நடுவே சொருகி என் மேஜையின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவோம். நான் ஏ ஷிஃப்ட் முடிந்து போகும்போது வைப்பேன், அவள் பி ஷிஃப்ட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வாள்.

2012 தை மாதம், பொங்கல் முடிந்த வாரம். ஒரு பதிப்பகம் நாவல் போட்டி அறிவித்திருந்தது. ஜனவரி கடைசிக்குள் அனுப்ப வேண்டும். முத்துச்செல்வியின் மூன்று வருஷமும் அதே மாதம் முடிகிறது. ஊருக்குப் போனால் வீட்டில் நோட்டைத் தொட விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டைப்பிங் கடையில் நோட்டு நோட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எட்டு முடிந்துவிட்டது. ஒன்பதாவது என்னிடம் இருந்தது.

அந்த ஒன்பதாவது நோட்டில் ஒரு மந்திரி எழுந்து நின்று ராஜாவின் வம்சாவளியைச் சொல்கிறான். ஆறு தலைமுறை, நாற்பது பக்கம். ஐந்தாம் ராஜா வந்த இடத்தில் நோட்டை மூடினேன். மறுபடி திறந்து முதலிலிருந்து படித்தேன். மூன்று தடவை இப்படி, நாலாம் தடவைதான் கடைசி வரைக்கும் படித்து முடித்தேன். எரிச்சல் தலைக்கு ஏறி, அட்டைமேல் சிவப்பு டேக்கை ஒட்டினேன். "பழுது: நீளம். இடம்: வம்சாவளி. பார்த்தது: ரஞ்சனி." ஒட்டிக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் பஸ் பிடித்தேன். அது சனிக்கிழமை.

முத்துச்செல்விக்கு அன்றைக்குக் காய்ச்சல், பி ஷிஃப்ட்டுக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலை கஸ்டமர் ஆடிட். நான் வந்து பார்த்தபோது கீழ்த்தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஹவுஸ்கீப்பிங் சின்னப்பொண்ணுவிடம் ஓடினேன்.

"செவப்பு டேக்கு ஒட்டி ஒரு நோட்டு இருந்திச்சே, எங்கக்கா?"

"ஆடிட்டுக்கோசரம் நேத்தே எடுத்துனு போய்ட்டேன். பேப்பருன்னா மெஷின்ல போட்டு நறுக்கணும்ல? நறுக்கிட்டாங்க."

"கேக்க மாட்டியா? அதுல கையெழுத்துல எழுதிக் கீதுன்னு பாக்க மாட்டியா?"

"எனக்கு இன்னாம்மா படிக்கவா தெரியும்? செவப்பு ஒட்டிக் கீதுன்னா யாரையும் கேக்காத, தூக்கினு போய்ட்டே இருன்னு கிளாஸ் எடுத்ததே நீதானே?"

ஆமாம், நான்தான். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், ஒரு மணி நேரம், படம் போட்டு விளக்கினேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

மதியம் முத்துச்செல்வி வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாலும் பரவாயில்லை. அவள் டிபன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"வேற காப்பி இல்லக்கா."

"தெரியும்டி."

"எழுதி முடிச்சன்னா எனக்கு நெனவுல நிக்காது. எழுதுனதோட போயிரும். ஒம்பது இல்லாம பத்து எப்படி வரும்? மதகு எப்படித் திறந்துச்சுன்னே ஒம்பதுலதான இருக்கு."

சொல்லிவிட்டு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டாள். வெட்கமாக இருந்தது எனக்கு. ஒரு பெண் மூன்று வருஷம் ஓ.டி. செய்த கையோடு உட்கார்ந்து எழுதினதை நான் ஒரு ஸ்டிக்கரால் முடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வடக்குப்பட்டு அறைக்குப் போனேன். காந்திமதி அக்காவையும் அம்சவல்லியையும் இழுத்துக்கொண்டு போனேன். மூன்று பேரும் ஒன்பதாவது நோட்டைப் படித்தவர்கள். புது நோட்டு ஒன்று வாங்கி முத்துச்செல்வி முன்னால் வைத்தேன்.

"நாங்க சொல்றோம், நீ எழுது."

காந்திமதி அக்காவுக்கு ஆம்பலின் நிச்சயதார்த்தம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. பட்டுப் புடவையின் கரை நிறம் உட்படச் சொன்னாள். அம்சவல்லிக்குக் குதிரை லாயம். மற்றதெல்லாம் நான். நீர்நாய் என்ன சொன்னது, மதகின் சாவி எந்தத் தூணில் இருந்தது, எதிரிப் படை எந்தப் பக்கம் ஏறியது. ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று தேடித் தேடிப் படித்தவளுக்கு மறக்குமா? முத்துச்செல்வி எழுதிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே "ஆமாக்கா, அப்படித்தான்" என்பாள். இரண்டு மணிக்கு வம்சாவளி வந்தது. முதல் ராஜா, அவன் மகன், மூன்றாமவன், நாலாமவன் என்று பெயரும் பட்டமும் சொன்னேன்.

அவள் பேனாவை மூடினாள்.

"இத வுட்டுருவோம்க்கா. நீங்க சொன்னது சரிதான். நீளம்தான்."

"எழுதுடி."

"கதைக்கு வேண்டாம்லா."

"ஒரு பேரு வுடக்கூடாது. எழுது."

காந்திமதி அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீதானடி அதுக்குச் செவப்பு ஒட்டுனே?"

குவாலிட்டியில் பெரிய தப்பு பழுதை விட்டுவிடுவது இல்லை. பழுது ஒன்று இருக்க, டேக்கில் வேறொன்றை எழுதுவதுதான். நான் அதைச் செய்திருந்தேன்.

ஐந்தாம் ராஜா ஏரிப்பாசன நிலம் முழுவதையும் அயலூர் வணிகர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறான். அதற்குப் பிறகு தினம் காலையில் கரைமேல் போய் நின்று, பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை. அவ்வளவுதான் அவனைப் பற்றி, ஒன்றரைப் பக்கம்.

"எங்கப்பா கன்னியப்பன் கீறாரே," என்றேன். "நெலத்தை நம்ம கம்பெனிக்குக் குடுத்துட்டு எட்டு வருஷமா தெனம் காலைல காம்பவுண்டாண்ட போய் நிப்பாரு. வாட்ச்மேன் கூடக் கேட்டுட்டான், இன்னா பெரியவரே, யாரப் பாக்கணும்னு. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவ எப்படி எழுதுனான்னு கோவம். வேற இன்னா எழுதுறதுன்னு தெரியாம நீளம்னு எழுதிட்டேன்."

"எனக்கு ஒங்க அப்பாவத் தெரியாதேக்கா," என்றாள் முத்துச்செல்வி.

"தெரியாதுன்னுதான்டி அழுகையே வருது."

அம்சவல்லி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். முத்துச்செல்வி பேனாவைத் திறந்தாள். ஐந்தாம் ராஜாவை நான் சொல்லச் சொல்ல எழுதினாள். ஆறாம் ராஜாவையும் எழுதினாள். இருட்டுவதற்குள் நோட்டு முடிந்துவிட்டது. டைப் அடித்து வாங்கி முப்பத்தொன்றாம் தேதி கூரியர் போட்டோம், அன்றைக்குச் சாயங்காலமே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள்.

பரிசு கிடைக்கவில்லை. ஆனி மாதம் பதிப்பகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்ததாம். நான் காலை ஷிஃப்ட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது போனில் வாசித்துக் காட்டினாள். நடுவர்கள் நல்லதாக நாலு வரி சொல்லிவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தார்கள்: "ஒன்பதாம் பாகத்து வம்சாவளி மிக நீளம். அதைச் சுருக்கித் தந்தால் வெளியிடுவது பற்றி யோசிக்கலாம்."

"ஒங்கள மாதிரியே சொல்லுதாவக்கா," என்று சிரித்தாள். "என்ன செய்ய? நாலு ராஜாவத் தூக்கிரலாமா?"

பஸ் ஜன்னலுக்கு வெளியே எங்கள் கம்பெனிச் சுவர் தெரிந்தது. அப்பா வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நாலு பேரத் தூக்கிக்கோ," என்றேன். "அஞ்சாமவர் மேல மட்டும் கைய வெக்காத. அவரு நின்னுட்டுப் போட்டும்."