படகின் சத்தம் தம்பி வாய்க்குக் குடிபோனது

படகுக்காரியின் தம்பி கொட்டாவி விட்டபோது, இருநூறு குதிரைச் சக்தி விசைப்படகின் சத்தம் அவன் வாயிலிருந்து வந்தது. அப்போது அவன் சலூன் நாற்காலியில் பாதி மழித்த கன்னத்தோடு உட்கார்ந்திருந்தான். அலமாரியிலிருந்த பவுடர் டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. சவரக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டாவி முடியும்வரை காத்திருந்தார். பாதியில் விட்டால் தொழிலுக்கு மரியாதை இல்லை என்று மீதிக் கன்னத்தையும் முடித்துத்தான் அவனை அனுப்பினார்.

இதற்கெல்லாம் காரணம் ஏரிக்கு வந்த சத்தக் கட்டுப்பாடு. அதற்கு முன்னால் அக்காளின் படகில் புகைக்குழாய் வெறுங்குழாயாக நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கிளப்பினால் போதும், கரையோர வீடுகளில் பாத்திரங்கள் தாமாக இடம் மாறும். மாமியார் சொன்னது மருமகளுக்குக் கேட்காது. அதனால் அந்தப் பக்கம் குடும்பச் சண்டை குறைவு என்றும் ஒரு பேச்சு உண்டு, யார் அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்? புகார்மேல் புகார் போய், நகராட்சி ஓர் அதிகாரியை அனுப்பியது. அந்த அம்மாள் கழியின் நுனியில் சத்தம் அளக்கும் மீட்டர் ஒன்றைக் கட்டிக்கொண்டு துறையில் நிற்பாள். படகு முழு வேகத்தில் அவள் முன்னால் போகவேண்டும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் தோல்வி. மூன்றாவது முறையும் தாண்டினால் படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். அக்காள் இரண்டு முறை தோற்றிருந்தாள். அக்கரைக்கு ஆட்களை ஏற்றி இறக்கித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவள் புருஷன் மெக்கானிக். கெட்டிக்காரன்தான், ஆனால் அவசரக்குடுக்கை. சத்தத்தை அடக்கும் சைலன்சரைத் தானே தகரத்தில் அடித்துச் செய்துவிட்டான். உள்ளே அடைக்கக் கண்ணாடிப் பஞ்சு வேண்டும். கடைக்காரரோ அடுத்த வாரம் வா என்றார். சோதனை மறுநாள். மெக்கானிக் வீட்டைச் சுற்றும்முற்றும் பார்த்தான். மைத்துனனின் தலையணை கண்ணில் பட்டது. "பஞ்சுன்னா பஞ்சுதான், அதுல என்ன உசத்தி தாழ்த்தி" என்று சொல்லிக் கிழித்து அடைத்துவிட்டான். அட பாவி, யாருடைய தலையணை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா? படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் அந்தத் தம்பிக்குப் பட்டப்பெயரே தூங்குமூஞ்சி. சின்ன வயதிலிருந்து அதில்தான் தலைவைத்தான். இடி விழுந்தாலும் எழுந்திருக்காதவனின் தூக்கம் அத்தனையும் அந்தப் பஞ்சில் ஊறிக் கிடந்தது.

மறுநாள் படகு அதிகாரியின் முன்னால் முழு வேகத்தில் போனது, முள் அசையவில்லை. அவள் மீட்டரைத் தட்டிப் பார்த்தாள், காதைத் தேய்த்துக்கொண்டாள், அனுமதி கொடுத்தாள். அன்றுமுதல் படகு தூங்கிக்கொண்டேதான் ஓடியது. ஏறிய பயணிகளும் சொக்கி விழுந்தார்கள். அக்கரை வந்ததும் அக்காள் ஒவ்வொருவரையும் தோளில் தட்டி எழுப்பி இறக்கினாள். வாத்துகளுக்குப் படகு வருவதே தெரியவில்லை என்பதால் தகரத்தட்டு ஒன்றைத் தட்டிக்கொண்டே ஓட்டவேண்டியிருந்தது. தூக்கம் படகுக்குப் போனது, படகின் சத்தம் தம்பிக்கு வந்தது, அவ்வளவுதான். படகு ஓடும் நேரத்தில் அவன் வாயைத் திறந்தால் எஞ்சின்தான் பேசும். மெக்கானிக் சைலன்சரைக் கழற்றிப் பார்த்தான். பஞ்சு கருகி ஒன்றுமில்லாமல் போயிருந்தது. புதுப் பஞ்சு வைத்துப் பார்த்தான், வேறு குழாயே மாற்றிப் பார்த்தான். படகு விழிக்கவில்லை.

சீட்டு வாங்க வருகிறவர்கள் இரண்டு நாள் காதைப் பொத்தினார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டார்கள். தம்பிக்குத்தான் உயிர் போயிற்று. ஏனென்றால், அதுவரை அவன் விழித்திருந்து பார்த்த ஒரே ஆள் அந்த அதிகாரி அம்மாள். அவள் துறைக்கு வரும் வேளைக்கு மட்டும் அவனுக்கு எப்படியோ விழிப்பு வந்துவிடும். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று மனதுக்குள் முடிவு செய்து, இன்று சொல்வோம் நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டு வந்தான். சத்தத்தை ஒழிப்பதையே வேலையாகக் கொண்டவளிடம் இந்த வாயோடு போய் எதைச் சொல்வது?

போகாமலும் இருக்க முடியவில்லை. அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்று துறையில் பேச்சு வந்த அன்று, சீட்டுக் கொடுக்கும் கூண்டை விட்டு இறங்கிப்போய் அவள் முன்னால் நின்றான். அக்காள் அப்போது நடு ஏரியில் இருந்தாள். தம்பி வாயைத் திறந்தான். கொக்குகள் கிளம்பின, அதிகாரியின் தொப்பி தண்ணீரில் விழுந்தது, முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கடைசி ஆணியில் போய் முட்டியது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நனைந்த தொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அவன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அக்காளுக்கு மனசு கேட்கவில்லை. எந்தப் படகுக்காக இத்தனை பாடுபட்டாளோ, அதை மறுநாள் துறையில் கட்டிப்போட்டாள். அலுவலகம் போகிறவர்கள் வரிசையில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். "என் தம்பி ஒரு வார்த்தை பேசிட்டு வரட்டும், அதுவரைக்கும் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படகின் மூக்கில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

படகு ஓடாததால் தம்பியின் தொண்டை சுத்தமாகிவிட்டது. அவன் அதிகாரியின் அறைக்குப் போனான். மேஜை, மின்விசிறி, சன்னலோரம் பழுதான மீட்டர்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது வந்து... தொப்பி... காஞ்சிருச்சுங்களா?" என்றான்.

"இதைக் கேக்கவா வந்தீங்க?"

"இல்லைங்க. அதாவது... நல்லா இருக்கீங்களா?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். "நேத்து எவ்வளவு தெளிவா சொன்னீங்க! இன்னிக்கு ஏன் இப்படி மென்னு முழுங்குறீங்க? எத்தனையோ எஞ்சின் கேட்டிருக்கேன், எது பொய்யா உறுமுது, எது மனசாரப் பாடுதுன்னு எனக்குத் தெரியாதா? ராத்திரியெல்லாம் அதுதாங்க காதுல. மறுபடியும் ஒரு தடவை முழுசாக் கேட்டுட்டுப் பதில் சொல்லலாம்னு இருந்தேன்."

தம்பி அங்கேயே போனை எடுத்து அக்காளைக் கூப்பிட்டான். "அக்கா, படகை எடு" என்றான். துறையில் நின்றவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். அக்காள் முழு வேகத்தில் விட்டாள். பயணிகள் உடனே தூங்கிப்போனார்கள். தம்பி வாயைத் திறந்து, சொல்லவேண்டியது எல்லாவற்றையும் சொன்னான். சன்னல் கண்ணாடி மூன்று உடைந்தது. பக்கத்து அறைக்காரர்கள் மேஜைக்கு அடியில் போனார்கள். அவன் முடிக்கும்வரை அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அப்படித்தாங்க" என்றாள்.