விசாரணைக்கு நடுவே ஒரு தும்மல்

டார்லீன் தானாகவே வேலையை விட்டுப் போனாள் என்று லாண்டரி மேனேஜர் க்ளிஃப்டன் கூசாமல் புளுகியதால், அவளுக்கு வரவேண்டிய வேலையிழப்பு உதவித்தொகை மறுக்கப்பட்டது. அவள் மேல்முறையீடு செய்தாள். விசாரணை போனிலேயே நடந்தது.

"வெளியே போ" என்று அவன் கத்தியதைக் கூடவே நின்று பார்த்தவள், அவளோடு வேலை பார்க்கும் வில்மா. "உனக்காக நான் சாட்சி சொல்றேன்டி" என்றும் சொல்லியிருந்தாள். ஆனால் விசாரணை அதிகாரி கூப்பிட்டபோது வில்மா போனை எடுக்கவில்லை.

அடுத்து க்ளிஃப்டனிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. டார்லீன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இந்த மனுஷன் ஏன் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் தயங்குகிறான்? யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்?

அதிகாரிக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும்.

"உங்ககூட வேற யாராவது இருக்காங்களா, க்ளிஃப்டன்?"

"யாருமில்லைங்க. தனியாத்தான் இருக்கேன்."

அந்த நேரம் பார்த்து அவன் பக்கத்திலிருந்து பூனைக்குட்டி தும்முவது போல ஒரு தும்மல் கேட்டது. பக்கத்து மெஷினில் வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய தும்மல்.

யார் தும்மினாலும் வாழ்த்துவதும், வாழ்த்தியவருக்கு நன்றி சொல்வதும் அந்த ஊர்க்காரர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

டார்லீன் குரலில் தேனைக் குழைத்துக்கொண்டு சொன்னாள்: "காட் ப்ளெஸ் யூ, வில்மா."

"தேங்க்ஸ்டி, செல்லம்!" என்றது க்ளிஃப்டனின் போன்.