ஐந்தாவது ஆள்

கிடத்தியிருந்த கணவரின் சட்டையில் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, என்ன நினைத்தாளோ, மறுபடி கழற்றிவிட்டாள். காலமெல்லாம் ‘கழுத்தை நெரிக்குது’ என்று சொன்ன மனிதருக்கு இன்றைக்கு மட்டும் எதற்கு?

“அக்கா, வாசல்ல தீயணைப்பு வண்டி வந்து நிக்குது.” தம்பி மூச்சு வாங்க உள்ளே வந்தான். “நம்ம தெருவுல எங்கயும் பத்திக்கலையே?”

“உன் வாயில கொஞ்சம் தண்ணி அடிக்கச் சொல்லு.”



முந்தின நாள் மாலை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார். யாருக்கும் தொந்தரவு வைக்காத சாவு. இரவு முழுக்க அவளை அரித்தது வேறொன்று. இவருக்கென்று யார் வருவார்கள்?

ஓய்வு பெறும்வரை நகரத் தீயணைப்புத் துறையின் தலைமை அலுவலகத்தில்தான் அவருக்கு வேலை. எந்த வண்டியை எப்போது கழித்துக்கட்டுவது, எந்த நிலையத்துக்கு எத்தனை ஆள் என்று திட்டம் போடுகிற வேலை. குழாயைப் பிடித்ததில்லை, ஏணியில் ஏறியதில்லை. நிலையங்களில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பென்சில்’. ஒரு வருடம், எல்லோரும் ஆசையாகக் காத்திருந்த புது ஏணி வண்டியைத் தள்ளிப்போட்டார். பழையதற்கு எஞ்சினை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சமான பணத்தில் வண்டிக்கு நாலு பேர் என்றிருந்ததை ஐந்தாக்கினார். அதற்குப் பிறகு எந்த நிலையத்திலும் யாரும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் மடமடவென்று குடித்தார். “தீயணைக்கிறவங்ககிட்ட குடிக்கத் தண்ணி இல்லையாம்” என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தொப்பியைக் கையில் பிடித்தபடி நிலைய அதிகாரி உள்ளே வந்தார். பின்னால் நாலு பேர். கிடத்தியிருந்தவரைக் கும்பிட்டார்கள். பிறகு அதிகாரி, கதவையே அடைத்துக்கொண்டு நின்ற ஒரு தடியனைக் காட்டினார்.

“இவன்தாம்மா எங்க அஞ்சாவது ஆள். துணிக் கிடங்குல தீ. பம்புல ஒருத்தர், குழாய்ல ஒருத்தர், நாங்க ரெண்டு பேர் உள்ள. சார் ஆளைக் கூட்டிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி வண்டிக்கு அவ்வளவுதான் ஆளு. இவன் வாசல்ல சும்மா நின்னான். கூரை சரிஞ்சப்போ, அந்த சும்மா நின்னவன்தான் என்னை வெளிய இழுத்துப் போட்டான்.”

“எங்க இழுத்தேன்? உருட்டினேன்மா” என்றான் தடியன். “இவரோட வெயிட் அப்படி.”

அதிகாரி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “அப்போ என் பொண்ணு பொறக்கவே இல்ல. இப்ப ஸ்கூலுக்குப் போறா.” அவரைக் கிடத்தியிருந்த பக்கம் திரும்பினார். “சாரை எங்க வண்டியில கொண்டு போறோம்மா. தீக்குள்ள போனவங்களுக்குத்தான் அந்த மரியாதை. சாருக்குச் செய்யணும்னு எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம்.”

மகள் அவள் கையை இறுகப் பிடித்தாள். தெருவே பார்க்க, சிவப்பு வண்டியில், பூவோடு. ‘சரி’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“இந்த வண்டி இங்க இருக்கே. இப்ப உங்க ஏரியாவுல பத்திக்கிட்டா?”

“பக்கத்து நிலையத்துல இருந்து வருவாங்கம்மா.”

அந்த வாக்கியத்தை அவள் எத்தனை முறை கேட்டிருக்கிறாள்! அலுவலகத்தில் யாராவது அதைச் சொல்லிவிட்ட நாளில் அவர் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார். கரண்டிகளை மேஜையில் நிலையம் நிலையமாகப் பரப்பி, வண்டி சுற்றி வரும் வழியை அவளுக்குக் காட்டிக்கொண்டிருப்பார்.

“பக்கத்து நிலையம்னா மேம்பாலம் தாண்டித்தானே வரணும்? இந்நேரத்துக்கு அங்க நகர முடியாதே.”

அதிகாரி வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கு ஆசைதாம்பா. ரொம்ப ஆசை.” அவள் கணவரின் சட்டைக் காலரை நீவிவிட்டாள். “ஆனா இவர் எழுந்து உட்கார்ந்து சண்டைக்கு வந்துடுவாரு. வண்டிய எடுத்துட்டுப் போயிடுங்க.”

“என்னக்கா நீ, மாமாவுக்கு இதுக்கு மேல என்ன...”

“நீ போய் ரிவர்ஸ் எடுக்க வழி சொல்லு போ.”

அதிகாரி விறைத்து நின்று சல்யூட் வைத்தார். மற்ற நாலு பேரும் வைத்தார்கள். “நைட் டியூட்டி முடிச்சவங்க பின்னாடியே வர்றாங்கம்மா. அவங்க தோள் கொடுக்கலாமா?”

“கேட்கணுமா? உங்க சார்தானே.”

வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து தெருவைத் தாண்டிப் போனது.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். இரண்டு நிலையத்துக்காரர்கள் என்றான் தம்பி, கூடம் கொள்ளவில்லை. வாசற்படி முழுக்கச் சேறும் சாம்பலும் ஒட்டிய கறுப்பு பூட்ஸ். அங்கே ஓரமாகக் கிடந்த அவருடைய ரப்பர் செருப்பு எப்படியோ அந்தக் கும்பலுக்கு நடுவே போய்விட்டிருந்தது.

“அப்பா செருப்பு மிதிபடுதும்மா.” மகள் குனிந்தாள். “எடுத்துத் தனியா வைக்கட்டுமா?”

“வேண்டாம்டி,” என்றாள் அவள். “அங்கயே இருக்கட்டும்.”