தையல்காரர் கிளப்பிய அலை

தையல்காரருக்கு வயிறு எரிந்தால் துறைமுகத்தில் அலை எழும்பும். காற்று வேண்டாம், மேகம் வேண்டாம், அவர் வயிறு எரிந்தால் போதும். மீன் பிடிக்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, படகுத்துறைக்கு எதிரே இருந்த அவருடைய கடையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வலையைத் தூக்கினார்கள். மெஷினை நிதானமாக மிதித்துக்கொண்டிருந்தால் போகலாம். கத்தரிக்கோலை டக்கென்று மேஜைமேல் போட்டாரென்றால் வீட்டுக்குத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். இதில் வாயைப் பிளக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

எரிச்சலுக்குக் காரணம் ஒரு படகு. அவர் மனைவி இன்ஜினியர். எதிரே இருந்த தீவின் ஆஸ்பத்திரிக்கு, மனுஷன் போகப் பயப்படுகிற புயலிலும் மருந்து கொண்டுபோகும்படி ஒரு ஆளில்லாப் படகைச் செய்துகொண்டிருந்தது அவள் கம்பெனி. அதற்கு மூளை எழுதுவது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து புருஷனை "ஏங்க" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டறியாதவள், படகை "கண்ணு" என்றாள். சாப்பிடும்போது போன் வந்தால் போதும், "கண்ணு இடது பக்கமா இழுக்குதா? ஐயோ பாவம், இதோ வர்றேன்" என்று எச்சில் கையோடு ஓடுவாள். அவர் ஜுரத்தில் கிடந்தபோதோ மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று சொன்னதோடு சரி. ஒரு பெண்ணுக்குப் போட்டியாக வந்தவளைச் சொல்ல நம்மிடம் சக்களத்தி என்று ஒரு சொல்லாவது இருக்கிறது. ஆணுக்குப் போட்டியாக வந்தவனை என்னவென்று திட்டுவது? பாவம் மனுஷன், சொல்லில்லாமலே எரிந்தார்.

கம்பெனிக்கு இருந்த ஒரே குறை, கடலின் அந்த மூலை குளம் மாதிரிக் கிடந்ததுதான். அலையில்லாத தண்ணீரில் படகு நேராக ஓடுவது ஒரு சாமர்த்தியமா? எந்தக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவுக்குமேல் அடிக்காது என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அதற்குள் எது வந்தாலும் தடம் மாறாதபடி படகைப் பழக்கலாம் என்பது அவளுடைய முறை. பழக்குவதற்கு முரட்டு அலை வேண்டுமே! ஒருநாள் வெட்டவெயிலில் அலை வந்தது. அது தையல்கடைப் பக்கமிருந்து வருகிறது என்று மிதவைக் கருவிகள் எல்லாமே காட்டின. கருவிகள் கெட்டுவிட்டன என்றார்கள் மற்ற இன்ஜினியர்கள். அவள் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். படகுக்குக் குளிராமல் ஒரு உறை தைத்துத் தரச்சொல்லி அன்று காலையில்தான் அவரிடம் கேட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "ஏங்க, நாளைக்கும் கொஞ்சம் வயித்தெரிச்சல் படுவீங்களா?"

"படறேன்மா. எனக்கு வேற என்ன வேலை?"

அவர் கேலியாகச் சொன்னதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். படகுத்துறையில் அவருக்கு ஒரு நாற்காலியும் குடையும் போட்டார்கள். அவள் படகைத் தடவிக்கொடுப்பாள், அவர் பார்ப்பார், அலை எழும்பும், படகு தடம் மாறாமல் போய்த் திரும்பும். வருஷங்கள் இப்படியே போயின. அவர் எரிய எரிய அது தேறிக்கொண்டே வந்தது. தன் வயிற்றெரிச்சலைத் தின்றே எதிராளி கொழுக்கிறான் என்று தெரிந்தால் யாருக்குத்தான் தாங்கும்? ஊரில் ஒரு சட்டைகூட அளவாக அமையவில்லை. படகுக்குப் பிறந்தநாள் என்று கம்பெனியில் கேக் வெட்டிய அன்று எழும்பிய அலைதான் இருந்ததிலேயே பெரியது. ஒரு மனுஷனுக்கு இதற்குமேல் எரியாது என்று அதையே அவள் வரம்பாக எழுதிவைத்தாள். அவ்வளவு படித்தவள் செய்த தப்பு அதுதான்.

கடைசிச் சோதனைக்கு அவளே படகில் ஏறினாள். அவரிடம் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து பார்த்தால், நடுக்கடலில் அவள் படகின் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். குறட்டை விடுகிறார் என்று வீட்டில் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போகிறவள்! கடல் அதுவரை எழாத உயரத்துக்கு எழுந்தது. வரம்பெல்லாம் அந்த முதல் அலையிலேயே போயிற்று. அவள் சாகப்போகிறாள், தன்னால்தான் சாகப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றைக் கையால் அழுத்தினார், செம்புத் தண்ணீரைக் குடித்தார், "எனக்குப் பொறாமையே இல்ல, இல்லவே இல்ல" என்று கடலைப் பார்த்துக் கத்தினார். கடலிடம் பொய் எடுபடுமா? அலை இன்னும் ஏறியது. ஆனால் வரம்பு மீறினால் தடத்தை மறந்துவிட்டு, அலை எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிப் போய்விடு என்று படகுக்கு அவள் சொல்லிவைத்திருந்தாள். அலைக்கு விலாவைக் காட்டினால் கவிழ்ந்துவிடும், அதற்காக. படகு திரும்பியது. திரும்பி, ஏறி இறங்கி, தையல்காரரை நோக்கியே வந்து அவர் காலடியில் முட்டி நின்றது.

"உங்களுக்கு இவ்வளவு எரியும்னு நான் நினைக்கவே இல்லீங்க" என்றாள் இறங்கியவள்.

"அவன்மேல சாஞ்சு தூங்குற. எரியாம குளிருமா?"

மறுநாள் அவள் போய் வரம்பை உயர்த்தி எழுதினாள். அவ்வளவுதான். கட்டினவளுக்குத் தான் ஒரு புயல், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. அலைகூட நின்றுவிட்டது.

படகுதான் பழக்கத்தை விடவில்லை. அலையே இல்லாத நாளிலும் அவரைத் தேடி வந்து கடைக்கு எதிரே நின்றது. முதலில் நூல்கண்டை விட்டெறிந்தார். பிறகு, வருகிறவனை எத்தனை நாள் விரட்டுவது என்று டீயும் கையுமாக ஏறி உட்கார்ந்து, அதிலேயே பட்டன் தைக்க ஆரம்பித்தார். படகு அவரைத் தண்ணீரில் வட்டம் சுற்றிக் காட்டியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வருஷக்கணக்காகிறது என்று ஆபீஸ் ஜன்னலில் நின்றிருந்தவளுக்கு உறைத்தது. வேகமாகப் படகுத்துறைக்கு இறங்கி வந்தாள்.

"இறங்கி வாங்க."

"இருக்கட்டும்மா. இவன் என்னை நல்லாத்தான் வச்சிருக்கான்."

அவள் படகைப் பார்த்தாள். "அவரை இறக்கி விடு" என்றாள், அதனிடம் ஒருநாளும் பேசாத குரலில். அவள் காலடித் தண்ணீர் ஒருமுறை சுழித்து, பொங்கி, படகை ஓங்கி அறைந்தது. படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு அவளை நோக்கி வந்தது. ஒவ்வொரு அலையும் அதற்கு முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது. தொப்பலாக நனைந்த தையல்காரர் பக்கத்தில் வந்ததும் அவள் கையை நீட்டினாள். அவர் எழுந்திருக்கவில்லை. தனக்காக ஒருத்தி எரிவதை அன்றுதான் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்று உட்கார்ந்தே இருந்தார்.