நாகப்பாம்பு விஷம் என்று எழுதிய குப்பி

அந்த மருந்து ஆய்வகத்தில் அவளுக்கு அண்ணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பக்கத்து மேசைக்கு வேலைக்கு வந்த கொழுந்தன் நாளெல்லாம் “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்டதில், காவலாளி வரைக்கும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இருவருக்கும் ஒரே வேலைதான். நோய் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியை வெட்டி, நோயுற்ற செல்லைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் கைப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, அதன் முனையில் மருந்து மூலக்கூறை வேதிமுறையில் ஒட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் துண்டுகள் மருந்தை விட்டுவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அண்ணியின் துண்டுகள் சொன்ன பேச்சு கேட்டன. ஆனால் அவற்றைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்த அவள் குப்பி மட்டும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது.

“நீ எடுத்தியா?”

“சத்தியமா தொடல அண்ணி. ஆவியாப் போயிருக்கும்.”

இறுக்கி மூடிய குப்பியில் ஆவியாவது, மண்ணாவது! மாமியாரிடம் சொன்னாலோ, “அவன் அப்படிப்பட்டவன் இல்லம்மா” என்பார். அன்று காலையும் குப்பி குறைந்திருந்தது. அண்ணி சிவப்பு மையால் ‘நாகப்பாம்பு விஷம்’ என்று ஒரு சீட்டு எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து ஆய்வகத் தலைவர் விருந்தினர் சிலரை அழைத்து வந்தார். வாய் ஓயாத மனிதர். ஃப்ரிட்ஜைத் திறந்ததும் சிவப்பு எழுத்து கண்ணில் பட்டது. ஒரு நொடி திகைத்தாலும் மனிதர் சமாளித்துக்கொண்டார்.

“இதுதான் எங்க புது முயற்சி! ஆன்டிபாடித் துண்டுல பாம்பு விஷத்தை ஒட்டுறோம். புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப்போய்க் கொத்தும்!”

மறுப்பதா வேண்டாமா என்று அண்ணி யோசிப்பதற்குள் பின்னாலிருந்து கொழுந்தனின் அலறல்.

“ஐயோ அண்ணி! காலைல இந்தச் சீட்டே இல்லையே! எடுக்கும்போது கையில கொட்டிடுச்சு, விரல்ல காயம் வேற இருக்கு!”

“நீதான் தொடவே இல்லையே?” என்றாள் அண்ணி, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

“தொட்டேன்! போன வாரமும் தொட்டேன்! என்னோடதெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டுப் பாழாப்போகுது, வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு. நாக்கு மரத்துப்போகுது அண்ணி!”

தலைவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடத் தொடங்கிய பிறகுதான் அவள் உண்மையைச் சொன்னாள். கொழுந்தனின் நாக்கு அந்தக் கணமே சரியாகிவிட்டது. தலைவரின் முகத்தில்தான் ஈயாடவில்லை.

விருந்தினர்களில் ஒரு டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது சரி, நிஜமாவே ஒட்டிப் பார்த்தா என்ன?” என்று கேட்டார்.

தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அதைத்தாங்க நானும் சொல்ல வந்தேன்!”

வேலை அண்ணி தலையில் விழுந்தது. அவள் கொழுந்தனையே துணைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தான். முதலில் எல்லாம் பாழாயின. பிறகு ஒருநாள், விஷத்திலிருந்து பிரித்த சின்ன மூலக்கூறு ஒன்று துண்டின் முனையில் பிடித்துக்கொண்டது. தட்டிலிருந்த நோய்ச் செல்கள் கரைந்தன. பக்கத்துத் தட்டில் நல்ல செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொழுந்தன் மைக்ராஸ்கோப்பை விட்டு நகர மாட்டேன் என்றான்.

“அண்ணி, வீட்ல அம்மாகிட்ட நானே சொல்லட்டுமா?”

“சொல்லு. பாம்புன்னு மட்டும் வாயைத் திறந்துடாத. அப்புறம் ரெண்டு பேரையும் வாசல்லயே நிக்க வெச்சு, விஷம் போகட்டும்னு தலைல தண்ணி ஊத்திட்டுத்தான் உள்ள விடுவாங்க.”