வணக்கத்துக்குப் பின் ஒரு சிரிப்பு

செய்தி வாசிப்பவருக்கு ஊரெல்லாம் ஒரே பெயர்: சிரிச்ச முகம். எப்பேர்ப்பட்ட இடி விழுந்த செய்தியாக இருந்தாலும் கடைசியில் 'வணக்கம்' சொல்லி ஒரு சிரிப்பு சிரிப்பார். அதைப் பார்த்த பிறகுதான் பல வீடுகளில் சாப்பிடவே உட்காருவார்கள். வேலைக்கு வந்த புதிதில் அது தானாக வந்த சிரிப்புதான். போகப் போக சேனலின் சொத்தாகிவிட்டது. தெருமுனை விளம்பரப் பலகைகளில் அவர் பல் தெரிந்த அளவுக்கு யாருக்கும் அவர் பெயர் தெரியாது.

அன்று மாலை மேக்கப் அறையில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தபோது, அணையில் நின்ற நிருபர் போனில் கூப்பிட்டார்.

"சார், மதகு எல்லாத்தையும் திறந்துட்டாங்க. ஆத்தோரம் இருக்கிறவங்க இப்பவே கிளம்பணும். ஆபீஸ்ல சொன்னா யாரும் காதுலயே வாங்கல."

எப்படி வாங்குவார்கள்? மேலிடத்திலிருந்து வந்த வாசகம் அதற்குள் வாசிப்புத் திரையில் ஏறியிருந்தது: மக்கள் பயப்படத் தேவையில்லை, வீட்டிலேயே இருக்கலாம். அதில் கை வைக்க யாருக்குத் துணிச்சல்? எழுதித் தராத அரை வாக்கியத்தைச் சேர்த்து வாசித்த மகானுபாவர் ஒருவர், இப்போது பின்கட்டில் பழைய டேப்புகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆற்றோரத்தில்தான் அண்ணன் வீடு. உடனே கூப்பிட்டார்.

"அண்ணே, அண்ணியைக் கூட்டிக்கிட்டு கிளம்பு. தண்ணி வருது."

"டிவில ஒண்ணும் சொல்லலையேடா. நீ வந்து சொல்லு, கிளம்புறேன்."

"சொல்ல விட மாட்டாங்கண்ணே!"

"அப்போ புரளிதான்."

அண்ணன் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. நேரமாகிவிட்டதென்று வெளியே கதவைத் தட்டினார்கள்.

"சரி, மூட்டையாவது கட்டி வை. கடைசில நான் சிரிக்கலைன்னா அடுத்த நிமிஷம் கிளம்பிடணும். சத்தியம் பண்ணு."

"நீயாவது, சிரிக்காம இருக்கிறதாவது! சரிடா, சத்தியம்."

போனை மேக்கப் அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஸ்டுடியோவின் கனத்த கதவு பின்னால் மூடிக்கொண்டது. தலைக்கு மேல் விளக்குச் சூடு, காதுக்குள் தயாரிப்பாளரின் குரல், எதிரே ஓடும் எழுத்து. 'பயப்படத் தேவையில்லை' என்று வாசிக்கும்போது நாக்கு கூசியது. ஆனால் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை, பாழாய்ப்போன குரல். சிரிக்க மாட்டேன், சிரிக்க மாட்டேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வாசித்தார். அந்த ஒன்றாவது தன் கையில் இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது.

"வணக்கம்," என்றார். உதட்டை இறுக்கிக்கொண்டார். கேமரா அவரைவிட்டு நகரவில்லை.

"சிரிங்க சார்," என்றது காதிலிருந்த குரல்.

அவர் யோசிப்பதற்குள் உதடு கீழ்ப்படிந்துவிட்டது. எதிரிலிருந்த மானிட்டரில் அந்த முகம் பளிச்சென்று சிரித்தது. பிறகு சிவப்பு விளக்கு அணைந்தது.

மைக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடி, மேக்கப் அக்காவிடமிருந்து போனை வாங்கிக் கூப்பிட்டார். அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தார்.

"பாத்தோம்டா! உங்க அண்ணி கட்டின மூட்டையைப் பிரிச்சே வச்சுட்டா. பாவம், உன் பேச்சைக் கேட்டு எப்படிப் பதறினா தெரியுமா?"

"கிளம்புண்ணே! சிரிச்சது நான் இல்லண்ணே!"

"பின்னே யாருடா?"

போனுக்குள் எங்கோ தள்ளி அண்ணியின் குரல் கேட்டது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன். கதவுக்கு அடியில தண்ணி வருது."